கடைசியாகத் திருத்தியவர்

மொன்ட்ரியாலில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் யாராவது கண்ணை மூடினால், சுவாமியாருக்கு அடுத்தபடியாக அக்னெஸ் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். செத்தவர் மொன்ட்ரியாலில்தான் செத்திருக்க வேண்டும் என்றில்லை. மன்னாரில், பாரிசில், ஸ்காபரோவில், எங்கே வேண்டுமானாலும் செத்திருக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் இங்கே இருந்தால் போதும். "அக்கா, அம்மா மோசம் போயிட்டா" என்று மறுமுனை விம்மத் தொடங்கும். அக்னெஸ் குறுக்கே பேச மாட்டாள். விம்மல் அடங்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகு மரண அறிவித்தல் எழுதுகிற சீஆர் கொப்பியை விரித்து, "சொல்லுங்கோ தம்பி, மூத்தவையில இருந்து வருவம்" என்பாள்.

மூத்தவர்களில் இருந்து வருவது சின்ன வேலையல்ல. நம் சனத்தின் மரண அறிவித்தலில் செத்தவருக்கு இரண்டு வரி. பிறந்த இடம், வாழ்ந்த இடம், இறைபதம் அடைந்த திகதி. மிச்சம் முழுவதும் உயிரோடு இருப்பவர்களுக்கு. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், மைத்துனியும், பெரிய தாயாரும், அம்மம்மாவும் என்று அது நீண்டுகொண்டு போகும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு நாடு. ஒரு மருமகனின் பெயர் தவறினால் அந்த வீட்டில் அடுத்த பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை. செத்தவரைக் கூட மறந்துவிடுவார்கள், விடுபட்ட பெயரை மறக்க மாட்டார்கள்.

ஆகவே அறிவித்தல் வெளிவந்த பிறகுதான் அக்னெசுக்கு உண்மையான வேலை தொடங்கும். "எங்கட அவரின்ர பேர் இல்லை", "ஜேர்மனியில இருக்கிறவரைச் சுவிஸ் எண்டு போட்டிருக்கு", "சின்னவளின்ர பேர் மூத்தவளுக்கு முன்னால வந்திட்டுது" என்று தொலைபேசி ஓயாது. அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. அறிவித்தலின் அடியில் 'தகவல்' என்று யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர் சொன்னால் மட்டும் திருத்துவாள். கோபித்துக்கொண்டவர் நேரே கேட்டால், "தகவல் தந்தவரோட கதையுங்கோ, அவர் ஓம் எண்டால் நான் உடன போடுறன்" என்பாள். அந்தச் சட்டத்தால்தான் பன்னிரண்டு வருடம் எந்தக் குடும்பச் சண்டையிலும் அவள் தலை உருளவில்லை.

2006இல் அவளுக்கு நாற்பத்தேழு வயது. கலியாணம் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்று பதில் வரும், அது ஏறக்குறைய உண்மையும்தான். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற சமையற்கூடம் ஒன்றில் வேலை. சமைக்கிற வேலையல்ல. வண்டில்கள் வெளியே போக முதல், பட்டியலும் தட்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிற வேலை. சைவச் சாப்பாடு பதின்மூன்று, உப்பில்லாதது நாலு, குழந்தைச் சாப்பாடு ஆறு. ஒன்று தவறினால் முப்பதாயிரம் அடி உயரத்தில் யாரோ ஒருவர் பட்டினி. "பிளேன் ஏறின பிறகு திருத்த ஏலாது" என்று அவள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வாள். பட்டியல் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயபக்தி.

அந்தப் பயபக்திக்கு ஒரு காரணம் இருந்தது. 1990இல் மன்னாரில் இருந்து படகேறியபோது அவளுடைய கோவிலின் ஞானஸ்நானப் புத்தகம் அங்கேயே கிடந்து அழிந்துபோனது. இரண்டு வருடம் கழித்து இங்கே அகதி விசாரணையில் நீ யார் என்று கேட்டபோது, அக்னெஸ் என்ற பெயர் உலகத்தில் எந்தத் தாளிலும் இல்லை. தான் தான்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் எடுத்தது. பெயர் எழுதின புத்தகம் நம்முடைய கையில் இருக்க வேண்டும் என்று அவள் பாடம் படித்தது அப்போதுதான்.

மரண அறிவித்தல்கள் எல்லாம் முதலில் ஆலயச் செய்திமடலின் கடைசிப் பக்கத்தில் வந்தன, திருத்தங்கள் அடுத்த மடலில். 2006 வசந்தத்தில், இனி இணையத்தளம் வேண்டும் என்று நிர்வாகசபை முடிவெடுத்தது. முடிவெடுத்தது என்றால் மரியதாசன் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். மரியதாசன் சபைத் தலைவர். பியர்பொன்ட்சில் சொந்த வீடு, காப்புறுதி முகவர் வேலை, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் ஒலிவாங்கி இல்லாமல் கேட்கிற குரல். குறை சொல்ல முடியாத மனிதர். பனிக்காலத்தில் பூசைக்கு வரமுடியாத கிழவிகளை ஒவ்வொரு வீடாகப் போய் ஏற்றிவருவார். ஒரேயொரு குணம்: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். லாவாலில் இருந்த ஒரு நிறுவனம் விற்கிற மென்பொருளை அவர் ஏற்கெனவே மனதுக்குள் வாங்கிவிட்டார். செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னதால், காசு என்ற கதைக்கே இடமில்லாமல் போனது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "தங்கச்சி, எது நல்லதெண்டு நீயும் ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்று அக்னெசிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

ஒருக்காப் பார்க்கச் சொன்னால் ஒன்பது தரம் பார்ப்பவள் அவள். ஆறு சனிக்கிழமைகள் நூலகத்தில் போய் இருந்தாள். பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். இணையத்தளத்தை நடத்துகிற மென்பொருளில் இரண்டு சாதி உண்டு என்று விளங்கியது. ஒன்று, ஒரு நிறுவனம் செய்து பூட்டி விற்பது. மற்றது, ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து செய்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருப்பது. இரண்டாவதில் டுருப்பல் என்ற ஒன்றை இறக்கி, இணையத்தில் மாத வாடகைக்கு ஒரு மூலை பிடித்து, தானே ஏற்றிப் பார்த்தாள். மூன்று நாள் வெறும் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. நாலாம் நாள், அந்த மென்பொருள்காரர்கள் கூடுகிற பக்கத்தில் தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதிப்போட்டாள். ஒரு மணித்தியாலத்தில் பெல்ஜியத்தில் இருந்து யாரோ முகம் தெரியாத ஒருவர் எந்த வரியில் பிழை என்று காட்டிவிட்டார். நீ யார், எவ்வளவு தருவாய் என்று அவர் கேட்கவே இல்லை. அக்னெசுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கிழமை கழித்து பிரேசிலில் இருந்து ஒருத்தி அதே கேள்வியோடு வந்தபோது, பதில் எழுதியது அக்னெஸ்.

அதற்காக அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் சாயவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அவள் இரண்டு மாட்டின் பல்லையும் பிடித்துப் பார்த்தாள். நிர்வாகசபையில் இருந்த அல்போன்சம்மாவின் கணவருடைய அறிவித்தலை எடுத்தாள். அறுபத்தொரு பெயர், வெளிவந்த முதல் கிழமையில் பதினொரு திருத்தம். அதை இரண்டிலும் அடித்து, அந்தப் பதினொரு திருத்தத்தையும் நடந்த ஒழுங்கிலேயே செய்தாள். விற்கிற மென்பொருள் பார்க்க அழகு, பழக இலகு, ஏதும் பிழைத்தால் தொலைபேசி எடுத்து ஒருவரை ஏசலாம் என்று கொப்பியில் நேர்மையாக எழுதினாள். ஆனால் உள்ளே போக ஒரேயொரு ஆளுக்குத்தான் அனுமதி. யார் எதை மாற்றினாலும் 'நிர்வாகி' என்றுதான் பதியும். டுருப்பலிலோ ஐம்பது பேருக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லோடு ஐம்பது திறப்புக் கொடுக்கலாம், எவர் எதை எத்தனை மணிக்கு மாற்றினார் என்று பெயரோடு நிற்கும். அதன் குறைகளையும் எழுதினாள். அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், மறந்தால் கள்ளன் வருவான், பழக நாள் எடுக்கும், ஏசுவதற்கு ஆள் இல்லை.

யூன் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். றோல்சும் தேத்தண்ணியும் ஒரு மேசையில், லாவால் நிறுவனத்து விற்பனையாளர் மற்ற மேசையில். கழுத்துப்பட்டி கட்டின, மரியாதை தெரிந்த கியூபெக் இளைஞன். சுவரில் படம் விழுத்திக் காட்டினான். மாதாவின் படம் மெல்ல மலர்ந்து வந்ததைப் பார்த்து மண்டபமே ஆவென்றது. கேள்வி உண்டா என்றபோது அக்னெஸ் எழுந்தாள்.

அவள் பிரெஞ்சிலேயே கேட்டாள். "நாளைக்கு நாங்கள் உங்களை விட்டுப் போக வேண்டி வந்தால், எங்கள் பெயர்களை எல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போகலாமா?"

அந்த இளைஞன் சிரித்தான். "மதாம், எங்களிடம் வந்தவர்கள் யாரும் திரும்பிப் போனதில்லை" என்றான். மண்டபமும் சேர்ந்து சிரித்தது. அக்னெஸ் சிரிக்கவில்லை, அது பதிலல்ல என்று கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

அவன் போன பிறகு அவளைப் பேசச் சொன்னார்கள். "புது வீட்டுக்குள்ள போக முந்திப் பின்வாசல் எங்க எண்டு பாக்கிறது என்ர பழக்கம்" என்று தொடங்கினாள். "இந்த வீட்டில அது இல்லை."

"இது கனடா, தங்கச்சி" என்றார் மரியதாசன். "இங்க ஒருத்தரும் பின்வாசலால ஓடத் தேவையில்லை. மற்றது, சும்மா குடுக்கிற சாமான் எப்பிடி நல்ல சாமானாய் இருக்கும்?"

"சும்மா இல்லை அண்ணை. ஊரில சிரமதானம் செய்யிறேல்லையோ? ஆளுக்கு ஒரு மண்வெட்டியோட வந்து எல்லாரும் வெட்டின கிணறு மாதிரி."

"சரி, அந்தக் கிணறு இடிஞ்சு விழுந்தால் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?"

"எங்களைத்தான்" என்றாள் அக்னெஸ்.

நல்ல பதில்தான். ஆனால் கூட்டத்தில் வாக்குக் கிடைக்கிற பதில் இல்லை. பொறுப்பை இன்னொருவன் தலையில் கட்டலாம் என்றால் எந்த நிர்வாகசபைதான் வேண்டாம் என்னும்? எட்டுக்கு இரண்டு. அவள் பக்கம் விழுந்த இரண்டில் ஒன்று அவளுடையது. மற்றது அல்போன்சம்மாவுடையது. அந்த மனுசிக்கு எது எதுவென்று விளங்கவே இல்லை. "என்ர மனுசனின்ர அறுபத்தொரு பேரையும் பிழையில்லாமல் போட்டவள் அவள். அவள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றுவிட்டு இன்னொரு றோல்ஸ் எடுத்தாள்.

தோற்றவள் முகத்தை நீட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்வோம், ஒரு புதுச் சங்கமும் தொடங்கிவிடுவோம். அக்னெஸ் அடுத்த திங்களே லாவால்காரரின் பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். 1994இல் இருந்து வந்த அறிவித்தல்கள் முழுவதையும் அந்த நிறுவனத்துப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக ஏற்றினாள். வேண்டா வெறுப்பாகச் செய்தாள் என்று சொல்ல ஒரு எழுத்துப் பிழை கூட அதில் இருக்கவில்லை. ஒற்றைத் திறப்பு அவளிடம்தான் இருந்தது. வேலை இடைவேளையில், சமையற்கூடத்தின் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டும் திருத்தங்களைக் குறித்துவைத்து, வீடு போனதும் முதல் வேலையாகப் போட்டுவிடுவாள்.

2007 தை மாதம் மரியதாசனின் தாயார் திரேசம்மா மன்னாரில் காலமானார். சண்டை மூண்டிருந்த நேரம், போக வழியில்லை. அடக்கத்தைப் பார்க்காத மகனுக்கு அந்த அறிவித்தல்தான் அடக்கம். அவ்வளவு பெரிய குரல் அன்றைக்குத் தொலைபேசியில் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. அக்னெஸ் கொப்பியை விரித்தாள். மூத்த மகன் மரியதாசன், கனடா. அடுத்தது மகள் கிறேஸ், பிரான்ஸ் என்றார்.

அக்னெஸ் பேனையை நிறுத்தினாள். இடையில் ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தம்பி யோசெப். மொன்ட்ரியால்-நோரிலேயே, அவள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, வாகனம் திருத்துகிற கராச் வைத்திருப்பவன். ஆறு வருடத்துக்கு முதல் அவன் கோவிலை விட்டுப் பெந்தகோஸ்துச் சபை ஒன்றில் சேர்ந்துவிட்டான். கோவில் தலைவரின் தம்பியே போய்விட்டான் என்ற பேச்சு மரியதாசனைச் சுட்டது. அன்றோடு அண்ணன் தம்பி முகம் பார்ப்பது நின்றது.

"அண்ணை, யோசெப்பின்ர பேர்?" என்று கேட்டாள்.

"அது வேண்டாம்."

"அவனும் பெத்த பிள்ளை..."

"தகவல் தாறது நான். நான் சொல்லுறதைப் போடு."

அவளுடைய சட்டம் அவளையே கட்டிப்போட்டது. சொன்னபடி போட்டாள். மூன்றாம் நாள் யோசெப் தொலைபேசி எடுத்தான். சத்தம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் போடவில்லை. "அக்கா, நான் அம்மாவின்ர மகன் இல்லையோ?" என்று மட்டும் கேட்டான். அக்னெஸ் கொப்பியில் திரேசம்மாவின் பக்கத்தைத் திருப்பினாள். "ஒருநாள் வரும், தம்பி. அதை எப்பவும் திருத்தலாம்" என்று கடைசியில் சொன்னாள். அது வெறும் ஆறுதல் வார்த்தையாக இருக்கக்கூடாது என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும், மரியதாசனுக்கும் கிறேசுக்கும் இடையில் இருந்த காற்புள்ளி அவளை உறுத்தியது.

2008 ஆவணியில் லாவாலில் இருந்து கடிதம் வந்தது. நிறுவனத்தை வேறொருவர் வாங்கிவிட்டார், இந்த மென்பொருளை இனி நடத்தப்போவதில்லை, ஒக்டோபர், நம் கணக்கில் ஐப்பசி, முப்பத்தோராம் திகதியோடு எல்லாத் தளங்களும் நிற்கும். மரியதாசன் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கத்தினார். பதிவு செய்த குரல் ஒன்று, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பதிலுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஆள் கிடைத்தான். பக்கங்களைப் படமாக ஒரு சீடியில் பதிந்து தரலாம் என்றான். எழுத்தை எழுத்தாகத் தரமுடியாதா என்றால், அதற்கு வசதி இல்லை என்றான். முந்நூற்று எண்பத்தாறு அறிவித்தல்கள். பார்க்கலாம், அவ்வளவுதான். தேட முடியாது, இனி ஒரு எழுத்தைத் திருத்தவும் முடியாது. கார்த்திகை இரண்டாம் திகதி இறந்த விசுவாசிகளின் பூசையில் அத்தனை பெயரையும் வாசிக்க வேண்டும். அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது.

மரியதாசன் பியர்பொன்ட்சில் இருந்து காரோட்டி வந்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு அக்னெசின் கதவைத் தட்டினார். "என்ன செய்வம், தங்கச்சி?" என்றார். 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. அவள் அதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கிணறு வெட்டுவம் அண்ணை" என்றாள்.

அன்றே தன்னுடைய பழைய வாடகை மூலையைத் தூசு தட்டினாள். டுருப்பலைப் புதுப்பித்தாள். ஒரு ஆளுக்கு ஒரு திறப்பு, அவரவர் சொந்தப் பெயரில். யாரும் யாருடைய பெயராலும் உள்ளே போகக்கூடாது என்றாள். ஒவ்வொரு அறிவித்தலின் அடியிலும் சின்ன எழுத்தில், 'கடைசியாகத் திருத்தியவர்' என்று பெயரும் நாளும் மணியும் தானாக விழும்படி செய்துவைத்தாள்.

புரட்டாதி முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் நிலக்கீழ் மண்டபத்தில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். அடுத்த ஞாயிறு இருபத்தாறு பேர். மடிக்கணினி உள்ளவர்கள் கொண்டுவந்தார்கள், இல்லாதவர்களுக்கு வேலைத்தலத்தில் கழித்துவிட்ட கணினிப் பெட்டிகளைச் சிலர் தூக்கிவந்தார்கள். ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா என்று விழுகிற வசதியை அக்னெஸ் எல்லாவற்றிலும் போட்டுவைத்திருந்தாள். படங்களை அச்செடுத்து, கூடியவரை அந்தந்தக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்தாள். "தாளில என்ன கிடக்கோ அதை அப்பிடியே அடியுங்கோ. மாத்தம் இருந்தால், தகவல் தந்தவர் மட்டும் செய்யலாம்" என்றாள். அல்போன்சம்மா அறுபத்தொரு பெயரையும் தானே அடிப்பேன் என்று பிடிவாதமாக மூன்று ஞாயிறு இருந்து அடித்து முடித்தாள். அழுதுகொண்டு அடித்தவர்களும் உண்டு. யாருடைய மாமா யாருக்கு என்ன முறை என்று சத்தமாகச் சண்டை பிடித்துச் சிரித்தவர்களும் உண்டு. அக்னெஸ் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்தாள். வெளியே வெயில் எறித்த ஞாயிறுகள் அவை. இவ்வளவு பேரை ஒரு வேலையில் ஒற்றுமையாக உட்கார வைத்ததற்கே அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம். நம்மவர்கள் பொன்னாடையை அரசியல்வாதிகளுக்கு வைத்திருந்தார்கள்.

மரியதாசன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். கதிரை அடுக்கினார், வயர் இழுத்தார், கிழவிகளை ஏற்றி இறக்கினார். கணினிக்கு முன்னால் மட்டும் உட்காரவில்லை. திரேசம்மாவின் தாள் கட்டின் அடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அக்னெஸ் அதை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை, அவரிடம் ஞாபகப்படுத்தவும் இல்லை.

ஐப்பசி பத்தொன்பதாம் திகதி, அவராக வந்து அந்தத் தாளைக் கேட்டார். மூலையில் இருந்த மேசையில் போய் இருந்தார். ஒற்றை விரலால், ஒரு எழுத்து அடித்து ஒரு எழுத்தைப் பார்த்து, தன் தாயின் பெயரை அடிக்கத் தொடங்கினார். மண்டபத்தில் அன்றைக்கு அவருடைய குரல் கேட்கவே இல்லை. இரண்டு மணியளவில் எழுந்து, "முடிஞ்சுது" என்று தாளை அக்னெசிடம் நீட்டிவிட்டு, கதிரைகளை மடக்கப் போனார்.

எல்லோரும் போன பிறகு, வழக்கம்போல அன்றைய அறிவித்தல்களை அக்னெஸ் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தாள். பட்டியலும் தட்டும். திரேசம்மாவுடையது இரண்டு தரம் பதிந்திருந்தது. முதலாவது, ஒரு மணி பத்து நிமிடம். தாளில் இருந்தபடியே, ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல். இரண்டாவது, ஒரு மணி ஐம்பத்திரண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டச் சொன்னாள். மரியதாசன் (கனடா), கிறேஸ் (பிரான்ஸ்) என்று இருந்த இடத்தில், இரண்டுக்கும் நடுவில், பிறந்த ஒழுங்கிலேயே, யோசெப் (கனடா) என்று ஒரு பெயர் வந்திருந்தது.

அந்த ஒரு பெயரை அடிக்க அந்த மனிதருக்கு நாற்பத்திரண்டு நிமிடம் எடுத்திருக்கிறது. அக்னெஸ் அந்தக் காலி மண்டபத்தில் இருந்து வாய்விட்டு அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்ததும் யோசெப்பின் கராச்சுக்குத் தொலைபேசி எடுத்தாள். "தம்பி, அங்க கணினி இருக்கோ? எங்கட பக்கத்தைத் திறந்து அம்மாவின்ர அறிவித்தலைப் பார்" என்றாள்.

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, என்ர பேர் கிடக்கு."

"ஓம்."

"நீங்கள் பாவம் பாத்துப் போட்டனீங்கள். எனக்குத் தெரியும். அண்ணை கண்டால் உங்களுக்குத்தான் கரைச்சல், எடுத்துவிடுங்கோ அக்கா."

"நான் ஒரு எழுத்தும் போடேல்லை."

"பேந்து ஆர் போட்டது?"

"அடியில சின்ன எழுத்தில எழுதிக் கிடக்கும். நீயே வாசி."

"கடைசியாகத் திருத்தியவர்..." என்று யோசெப் வாசிக்கத் தொடங்கினான். அதோடு நின்றுவிட்டான். அக்னெஸ் குறுக்கே பேசவில்லை. எத்தனையோ பேருக்குக் காத்திருந்ததுபோல இவனுக்கும் காத்திருந்தாள். திரையில் எழுதியிருந்தது மரியதாசன் என்ற பெயர். ஆனால் தொலைபேசியில் அவளுக்குக் கேட்டது, "அண்ணை" என்று.